சர்க்கரை விட்ட எட்டு மாதம்

சேலையூர்,
19-11-2006, ஞாயிறு

சிரஞ்சீவி ஷ்யாம்சுந்தருக்கு அப்பா ராஜகோபாலன் ஆசீர்வாதம் செய்து எழுதுவது.

இங்கு யாவரும் க்ஷேமம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவையும் கை தானாக எழுதிவிட்டது, பிறகு அடித்தேன், மேலே தெரிகிற கிறுக்கல் அதுதான். உன் அம்மா எழுந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள், அது க்ஷேமம் என்றால் க்ஷேமம். அங்கே மினியாபோலிஸில் பனி விழ ஆரம்பித்துவிட்டது என்று வித்யாவிடம் சொன்னாயாம். காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ மூன்று தடவை ஃபோன் செய்தும் நான் பேச வரவில்லை, குளிக்கிறார், டியூட்டிக்குப் போயிருக்கிறார் என்று அவர்கள் சொன்னதெல்லாம் பொய், நான் கூடத்தில்தான் இருந்தேன். பொய் சொல்வது இந்த வீட்டில் எல்லோருக்கும் சரளமாக வருகிறது, எனக்கு மட்டும்தான் வரவில்லை. ஃபோனில் பேசினால் நான் கத்துவேன், நீ 'அப்பா, அப்பா' என்பாய், காலிங் கார்டில் நிமிஷம் தீர்ந்து லைன் போய்விடும், நான் கத்தினது மட்டும் மிச்சம். அதனால்தான் கடிதம். முழுக்கப் படி. பாதியில் வைத்துவிட்டு வித்யாவைக் கூப்பிட்டு அப்பா ரொம்பக் கோபமாக இருக்கிறாரா என்று கேட்காதே. இருக்கிறேன்.

அம்மாவுக்கு சஷ்டியன்று லேசாக மயக்கம் என்றுதான் உனக்குச் சொல்லியிருப்பார்கள். லேசு என்ன லேசு. நடந்ததை நான் சொல்கிறேன் கேள். அன்று எனக்கு ரெஸ்ட். வித்யா பாடம் எடுக்க ஸ்கூலுக்குப் போய்விட்டாள். அம்மா விரதம், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் இல்லை, சாயங்காலம் சூரசம்ஹாரம் முடிந்துதான் சாப்பாடு என்றாள், வருஷா வருஷம் இருக்கிறதுதானே என்று நானும் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்தரை மணி இருக்கும், சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம். போய்ப் பார்த்தால் மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், உடம்பெல்லாம் நடுங்குகிறது, ரவிக்கை முதுகெல்லாம் நனைந்து போயிருக்கிறது, கையில் சர்க்கரை டப்பா. மூடியைத் திறக்க விரலுக்குத் தெம்பு இல்லை. என்னைப் பார்த்து, சக்கரை, ஒரு வாய் சக்கரை என்றாள், நாக்கு குழறுகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கி மேல் தட்டில் வைத்தேன். ஏண்டி, தை மாசம் வரைக்கும் பொறுத்துண்டுட்டா ஆச்சு, இத்தனை நாள் இருந்துட்டு இப்ப வேண்டுதலை முறிச்சுக்காதே என்றேன்.

எந்த வேண்டுதல் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் நான் எப்படி அதை நம்பினேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ மாசியில் வந்துவிட்டுப் போன மறு வாரம் அம்மா காப்பியில் சர்க்கரையை நிறுத்தினாள். கேட்டதற்கு, வித்யா கல்யாணம் நல்லபடியா முடியற வரைக்கும் சக்கரை தொடறதில்லைன்னு வேண்டிண்டிருக்கேன் என்றாள். எனக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. பெண்ணுக்காக அவள் மட்டும் நாக்கைக் கட்டுவது, நான் இரண்டு ஸ்பூன் போட்டுக் குடிப்பது, அது நியாயமா? அன்றிலிருந்து எனக்கும் சர்க்கரை வேண்டாம் என்றுவிட்டேன். எட்டு மாதம். ஸ்டேஷனில் ரயில் கார்டுகள் ரூமில் எல்லோரும் கேலி செய்தார்கள், ராஜகோபாலன் சார் சாமியாரா போயிண்டிருக்கார் என்று. தீபாவளிக்கு வித்யா செய்த பாதுஷாவைக் கையால்கூடத் தொடவில்லை. நான் விரதம் இருந்தது ஒரு பொய்க்கு என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அம்மா மேடையைப் பிடித்தபடியே சரிந்தாள். தாங்கிப் பிடித்துக் கீழே படுக்கவைத்தேன். பட்டினியால் வந்த மயக்கம் என்று முடிவு கட்டினேன். காலைத் தூக்கிப் பலகையின் மேல் வைத்தேன், ஜன்னலைத் திறந்தேன், புடவையைத் தளர்த்தினேன், நாடி பார்த்தேன், ஓட்டமாக ஓடுகிறது. இருபத்தெட்டு வருஷமாக கார்டு உத்தியோகம், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை முதலுதவிப் பரீட்சை எழுதிச் சான்றிதழ் புதுப்பிக்கிறவன். பீச் ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் எத்தனை பேருக்குக் கட்டுப் போட்டிருப்பேன். பல்லாவரம் பிளாட்பாரத்தில் வலிப்பு வந்தவன் கையில் ஆளுக்கொரு சாவிக்கொத்தைத் திணிப்பார்கள், இரும்பைப் பிடித்தால் நிற்குமாம், அத்தனையும் பிடுங்கி எறிந்துவிட்டு, தலைக்கு அடியில் பையை வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் ஒன்றும் விடாதீர்கள் என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன். அப்படி யார் விழுந்தாலும் கூட வந்தவரிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். இவருக்கு என்ன வியாதி, என்ன மாத்திரை, கடைசியாக எப்போது சாப்பிட்டார்? முன்பின் தெரியாதவர்கள்கூடப் பதில் சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டுச் சமையலறையிலும் அந்தக் கேள்வியை எனக்குள்ளே கேட்டேன். வியாதி இல்லை, மாத்திரை இல்லை என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். முதலுதவிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் நான் ஒட்டியிருக்கிற தாளை நீ பார்த்திருக்கிறாய், வீட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ரத்த வகை, வியாதி, மாத்திரை. சித்திரை ஒன்றாம் தேதி அதைப் புதுப்பிக்கும்போது உன் அம்மாவிடம் மாற்றம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஒண்ணுமில்லை, அதையே எழுதிக்கோங்கோ என்றாள். என் கையாலேயே எழுதவைத்தாள், ஷ்யாம்.

அவள் திரும்பவும் வாயை அசைத்தாள், மயக்கத்தில் இருப்பவருக்கு வாய்வழி எதுவும் தரக்கூடாது என்று நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. தூக்கிக் கட்டிலில் விடலாம் என்று எதிர் வீட்டு தபீதாள் டீச்சரைக் கூப்பிட்டேன். அந்த அம்மாள் உள்ளே வந்து ஒரு பார்வை பார்த்தாள், வேர்வையைத் தொட்டுப் பார்த்தாள், சார், காலைல சுகர் மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம இருந்துட்டாங்களா என்றாள். என்ன மாத்திரை என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள் பார், அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். ஐயோ பாவம், இந்த மனுஷனுக்குத் தெரியாதே என்கிற பார்வை. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதிக்காரி, அம்மாவோடு தினம் நடக்கப் போகிறவள், வேறொன்றும் பேசாமல் நான் மேலே வைத்த டப்பாவை எடுத்து நாலு ஸ்பூன் அரை டம்ளர் தண்ணீரில் கரைத்தாள். கன்னத்தைத் தட்டி, அக்கா, விழுங்குவீங்களா, விழுங்குங்க என்று கேட்டு, அம்மா தலையை ஆட்டின பிறகு உட்காரவைத்துச் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு மடக்காகக் கொடுத்தாள். பத்து, பதினைந்து நிமிஷம். கண்ணைத் திறந்தவள் முதலில் பார்த்தது என்னைத்தான். உடனே மூடிக்கொண்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக குப்புராஜ் ஆட்டோ. கேம்ப் ரோடில் முழங்கால் தண்ணீர், அவன் தள்ளாத குறையாக ஓட்டிக்கொண்டே, இன்னா சார், சுகர் கீறவங்கள பட்டினி போட்லாமா, மாசா மாசம் ரத்தம் டெஸ்ட்டுக்கு நான்தான இட்டுகினு போறேன், டாக்டரம்மா படிச்சிப் படிச்சிச் சொல்லிச்சே என்றான். ஆட்டோக்காரனுக்குத் தெரியும். எதிர் வீட்டுக்குத் தெரியும். என் பெண்ணுக்குத் தெரியும். அமெரிக்காவில் இருக்கிற என் பிள்ளைக்குத் தெரியும். கூடவே முப்பத்தோரு வருஷம் குடித்தனம் செய்தவனுக்குத் தெரியாது. அந்த மாத்திரை திரும்பவும் சர்க்கரையை இறக்குமாம், ஒரு ராத்திரி வைத்துக்கொண்டு டிரிப் ஏற்றினார்கள். அந்த டாக்டர் சின்னப் பெண், வித்யா வயசுதான் இருக்கும், முதலுதவி சர்டிஃபிகேட் இருக்குன்னு சொல்றீங்க, வீட்ல சுகர் இருக்கறது தெரியாதா என்று கேட்டாள். எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு போய்விடலாம் போல் இருந்தது. இன்னும் கால் மணி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளே சொன்னாள், அதை நான் எழுதவில்லை.

வித்யாதான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். நான் டியூட்டியில் இருந்தபோது நீ அம்மாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனதும், சர்க்கரை என்று வந்ததும், மாத்திரைப் பட்டை பெருங்காய டப்பாவுக்குள் போனதும். அப்பாட்ட மட்டும் சொல்லாதீங்கோ, வரன் பார்க்கற நேரம், பிள்ளையாத்துல கேட்டா ஆமான்னுடுவார், அவருக்குப் பொய் சொல்ல வராது என்று நீ சொன்னாயாம். போன வருஷம் நங்கநல்லூர் வரன் தட்டிப்போனது என் வாயால்தான் என்று நீங்கள் எல்லோரும் நினைப்பது எனக்குத் தெரியும். என் அண்ணாவுக்கு வலிப்பு இருந்ததை அவர்கள் கேட்டார்கள், நான் சொன்னேன். செத்துப்போனவனுக்கு இருந்த வியாதியை எப்படி இல்லை என்று சொல்வது? ஆனால் நீ செய்தது அதைவிட மோசம். வைகாசியில் பொழிச்சலூர்க்காரர்கள் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அப்பா சந்தானகிருஷ்ணன், உங்காத்துல யாருக்காவது சக்கரை உண்டா என்று கேட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எங்காத்துல அந்தப் பேச்சே கிடையாது என்றேன். அவர் சிரித்தார். ராஜகோபாலன் சொன்னாப் போறும், பொய் சொல்ல மாட்டார்னு ரயில்வேல எல்லாரும் சொன்னா என்றார். எனக்கென்று இருந்தது அந்த ஒரு பேர்தான். அதை எடுத்து உன் பொய்க்கு உறையாகப் போட்டு அனுப்பிவிட்டாய். நீ நேரே என் வாயை மூடச் சொல்லியிருந்தாலும் இத்தனை வலித்திருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பொழிச்சலூர் போனேன். தெரிந்த பிறகும் சும்மா இருந்தால் அது என் பொய். கல்யாணம் நின்றால் நிற்கட்டும் என்று நான் நினைக்கவில்லை, வித்யா முகம் கண் முன்னாலேயே நின்றது, பம்மலில் இறங்கி அவர்கள் வாசல் வரைக்கும் போய்விட்டு இரண்டு தடவை திரும்பினேன். கடைசியில் உள்ளே போய் உட்காராமலேயே சொன்னேன். நான் வைகாசியில் சொன்னது தப்பு, என் ஆம்படையாளுக்குச் சர்க்கரை இருக்கிறது, எனக்குத் தெரியாமல் சொல்லிவிட்டேன், மேற்கொண்டு உங்கள் இஷ்டம். சந்தானகிருஷ்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தன் ஆம்படையாளைப் பார்த்தார். அந்த மாமி, இதுக்கா மழைல வந்தேள், உங்காத்து அபிதகுஜாம்பாள் மாமி ஆனி மாசமே எங்கிட்ட சொல்லிட்டாளே, மனசு உறுத்தறதுன்னு சொல்லி அழுதா, இந்தக் காலத்துல யாருக்கு இல்லை, அதனாலென்ன என்றாள். எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். மாமி சொன்னா, உங்களுக்குச் சக்கரை வேண்டாமாமே என்று சர்க்கரை போடாமல் கொண்டுவந்தாள்.

அவர்கள் நல்ல மனுஷர்கள், கல்யாணம் நிற்கவில்லை, தை பதினெட்டு முகூர்த்தம் அப்படியே. அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பஸ் ஸ்டாப்பில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. யாருக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் மறைத்தீர்களோ அவர்களுக்கே ஆனியில் தெரிந்துவிட்டது. அதற்கப்புறமும் ஐந்து மாதம் எனக்குத் தெரியாது. அப்படியானால் இது எதற்காக? வரனுக்காக மறைத்தீர்கள் என்றால் கோபித்துக்கொண்டு ஆறிவிடுவேன். வேலை முடிந்த பிறகும் என்னிடம் சொல்ல ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஃபோனில் அப்பா சௌக்கியமா, அம்மா சௌக்கியமா என்று என்னையே கேட்டாயே. நான் அம்மா ஜம்முனு இருக்கா என்று சொன்னபோது அந்தப் பக்கம் உன் முகம் எப்படி இருந்தது?

வீட்டுக்கு வந்து அம்மாவையும் கேட்டேன். சம்பந்தியிடம் சொன்ன அன்றைக்காவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்றேன். கீரையைக் கீழே வைத்துவிட்டு, நீங்களும் சக்கரை இல்லாம குடிக்க ஆரம்பிச்சுட்டேள், தினம் கார்த்தால அந்தக் கசப்பை நீங்க முழுங்கறதைப் பார்த்துட்டு, வேண்டுதலே பொய்யின்னு எந்த வாயால சொல்றது என்றாள். எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். மறுநாள் வீம்புக்கு எனக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை போடு என்றேன். போட்டுக் கொடுத்தாள். ஒரு வாய்தான் குடித்தேன், குமட்டிக்கொண்டு வந்தது. கொட்டிவிட்டு வழக்கமானதையே கேட்டு வாங்கிக் குடித்தேன். என்னைச் சர்க்கரை குடிக்கக்கூட லாயக்கில்லாமல் செய்துவிட்டீர்கள்.

போகட்டும். நீ தனியாக இருக்கிறவன், சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அம்மாவுக்கு இருப்பதால் உனக்கும் வரலாம், வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார். உன்னோடு தங்கியிருக்கிறவனுக்குச் சர்க்கரை உண்டா, வலிப்பு உண்டா என்று வெட்கப்படாமல் கேட்டு வைத்துக்கொள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவன் யாராவது நடுங்கி வேர்த்து உளறினால், விழுங்கத் தெம்பு இருக்கிற வரைக்கும் சர்க்கரைத் தண்ணீரோ ஜூஸோ கொடு, கால் மணியில் தெளிந்த பிறகு சாப்பிடவை. நினைவே இல்லையென்றால் வாயில் ஒன்றும் விடாதே, ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிடு. அங்கே காற்று வறட்சியில் உனக்கு மூக்கில் ரத்தம் வருவதாக வித்யா சொன்னாள், அதையும் அவள்தான் சொன்னாள், தலையைப் பின்னால் சாய்க்காதே, முன்னால் குனிந்து மூக்கின் மெத்தென்ற பாகத்தைப் பத்து நிமிஷம் விடாமல் பிடித்துக்கொள், நடுவில் விட்டு விட்டுப் பார்க்காதே. சமைக்கும்போது சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம், ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம். வித்யா பாதுஷா எண்ணெயில் விரலைச் சுட்டுக்கொண்டு பேஸ்ட்டைத் தேடி ஓடினாள், நான்தான் கையைப் பிடித்துக் குழாயடியில் நிறுத்தினேன், தழும்புகூட இல்லை. அந்த மாதிரி விஷயங்களுக்கு இந்த வீட்டில் இன்னும் என்னை நம்புகிறார்கள்.

இத்துடன் ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். பெட்டி மூடியில் உன் பெயருக்கு எதிரே இருப்பதெல்லாம் நீ விமானம் ஏறின வருஷம் எழுதினது, அதைக் கிழித்துவிட்டேன். அம்மாவின் வரியையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன், வியாதி, மாத்திரையின் பெயர், எத்தனை வேளை, எல்லாம் அவளே சொல்லச் சொல்ல எழுதினேன், கீழே அவளைக் கையெழுத்துப் போடவைத்தேன். உன் தாள் காலியாக இருக்கிறது. பூர்த்தி செய்து அனுப்பு. மூக்கில் ரத்தம் எத்தனை நாளாக, டாக்டரிடம் போனாயா, அவர் என்ன சொன்னார், மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா, ஒன்றையும் விடாதே. நான் கத்தினாலும் கத்துவேன், இருந்தாலும் எழுது. கடைசியில் ஒரு கட்டம் புதிதாகப் போட்டிருக்கிறேன், இதெல்லாம் யார் யாருக்குத் தெரியும் என்று. அதில் எத்தனை பேரை வேண்டுமானாலும் எழுதிக்கொள், ஆனால் முதல் பெயராக என் பெயர் இருக்க வேண்டும்.

தைக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாக அம்மா சொன்னாள். ஸ்வெட்டரோடு வந்து இறங்காதே, இங்கே வேர்க்கும். நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், இருந்தால் என்னிடம் சொல்லிவிட்டு வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்

உன் அப்பா,
ரா. ராஜகோபாலன்